மஞ்சள் வாரும் சிவப்பு வாரும்

என் கல்யாணம் ஒரு கேமராவால் நின்றுபோகப் பார்த்தது. பாவம், அந்தக் கேமரா மேல் பழி போடுவது நியாயமில்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் இரண்டு வீட்டாரும் அதன் மேல்தான் போட்டார்கள். நான் மட்டும் எதற்கு நியாயம் பார்க்க வேண்டும்?

எண்பதுகளின் நடுவில் மலாய் நாட்டில் நடந்தது இது. புக்கிட் பெலிம்பிங்கிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு தோட்டத்தில் என் அப்பா பெரிய கிராணி, ஆபீஸ் கணக்கெல்லாம் அவர் கையில். நாங்கள் யாழ்ப்பாணத்துக் குடும்பம். அப்பா யாழ்ப்பாணத்தைக் கண்ணால் கண்டதில்லை, இருந்தாலும் பேச்சில் ஒரு எழுத்தையும் விட்டுக்கொடுக்க மாட்டார். நான் காதலித்தது அதே தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோரின் மகனை. அவரும் நானும் ஒரே தமிழ்ப் பள்ளியில் ஆசிரியர்கள். மண்டோர் தினமும் விடியற்காலையில் பெரட்டில் ஆட்களை எண்ணி முடித்து, வேலைக்கு வந்த ஆட்களின் கணக்கைக் கொடுக்க அப்பாவின் ஆபீஸ் ஜன்னலுக்கு வருவார். அப்பா உள்ளே உட்கார்ந்திருப்பார். அவர் வெளியே நிற்பார். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான்.

விஷயம் தெரிந்தபோது அப்பா கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் திருப்பிக் கத்தி, இரண்டு பேரும் களைத்துப்போய்ச் சாப்பிட உட்கார்ந்திருப்போம். அவர் என் முகத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். உப்பு வேண்டுமென்றால், உப்புப் போத்தல் உன் மகளுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று அம்மாவிடம் சொல்வார். அம்மா எழுந்து வந்து எடுத்துக் கொடுப்பார். இப்படியே மாதக்கணக்கில் போயிற்று. கட்டினால் அவரைத்தான் கட்டுவேன், இல்லையென்றால் இப்படியே இருந்துவிடுவேன் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேனே தவிர, எனக்குக் கல்யாணமும் வேண்டியிருந்தது, அப்பாவும் வேண்டியிருந்தது. இரண்டில் எது இல்லாவிட்டாலும் அது என் கல்யாணம் ஆகாது.

கடைசியில் அப்பா, பல் பிடுங்கச் சம்மதிப்பவர்போலச் சம்மதித்தார். மண்டோர் தட்டோடு பெண் கேட்டு வந்தார். அப்பா சுவரைப் பார்த்தபடி, என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டார்.

"எங்களுக்கு ஒண்ணும் வேணாங்கய்யா. பொண்ணு வந்தாப் போதும்," என்றார் மண்டோர்.

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். அப்பாவுக்கு அது கன்னத்தில் அறைந்ததுபோல இருந்தது. சீதனம் இல்லாமல் பெண் கொடுக்கும் வழக்கம் எங்களுக்கு இல்லை என்றார். வாங்கும் வழக்கம் எங்களுக்கு இல்லை என்றார் மண்டோர். கொடுப்பவருக்கும் ரோஷம், வேண்டாம் என்பவருக்கும் ரோஷம். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பதுபோல நடுவில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை, சண்டையை முடித்துவைக்கும் நல்லெண்ணத்தில், அப்படியென்றால் ஒரு கேமரா வாங்கிக் கொடுங்கள் என்று சொல்லித் தொலைத்தார். அவருக்குப் படம் பிடிப்பதில் பைத்தியம். லென்ஸைக் கழற்றி மாட்டும் பெரிய கேமரா ஒன்று வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை.

கோலசிலாங்கூர் டவுனில் ஒரு சீனர் கடையில் அப்படிப்பட்ட கேமராக்கள் இரண்டு கம்பெனியில் இருந்தன. கம்பெனிப் பெயரைச் சொன்னால் இன்றைக்கும் எங்கள் வீட்டில் சண்டை வரும், அதனால் சொல்லமாட்டேன். ஒன்றின் வார் மஞ்சள், மற்றதன் வார் சிவப்பு. எங்கள் தோட்டத்தில் அவற்றுக்கு அதுதான் பெயர்.

அப்பா மஞ்சள். பேப்பருக்குப் படம் எடுப்பவர்கள் கழுத்தில் மஞ்சள் வாரைப் பார்த்திருக்கிறாராம். அது போதாதென்று, தோட்டத்துத் தூக்குத் தராசை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய், இரண்டு கேமராவையும் வாரோடு கொக்கியில் தொங்கவிட்டு நிறுத்துப் பார்த்தார். மஞ்சள் கனமாக இருந்தது. பாரம் இருந்தால்தான் அது சாமான் என்று தீர்ப்புச் சொன்னார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மண்டோர் போனார். அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, இரண்டையும் தன் காதுக்குப் பக்கத்தில் வைத்துப் பட்டனைத் தட்டச் சொன்னார். மோட்டார் சைக்கிள் வாங்கும்போதும் அவர் அப்படித்தான் செய்வார். மஞ்சளின் சத்தம் கதவை அறைந்து சாத்துவதுபோல இருந்ததாம். சிவப்பு, நல்ல வீட்டுக் கதவுபோல அடங்கிச் சாத்தியதாம். ஆக, அவர் சிவப்பு.

கடை முதலாளி தவுக்கே இரண்டு பேரிடமும், நீங்கள் சொல்வதுதான் சரி என்று தலையாட்டியிருக்கிறார். இரண்டு பேரும் வாழ்நாளில் ஒரு படம்கூடப் பிடித்ததில்லை. பிடிக்கப் போகிற மாப்பிள்ளையை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் மனதில் இருந்தது மூன்றாவது கம்பெனி ஒன்று. அதை என்னிடம் மட்டும் ரகசியமாகச் சொன்னார்.

ஒரு வாரத்தில் தோட்டமே இரண்டாகப் பிரிந்தது. ஆபீஸ் ஆட்களும் தொழிலாளர் வீட்டு வரிசையில் மேல் லயமும் மஞ்சள், கீழ் லயம் முழுக்கச் சிவப்பு. கேமராவைத் தொட்டே பார்க்காதவர்கள் லென்ஸின் குணம் பற்றிக் கள்ளுக்கடையில் அடித்துக்கொண்டார்கள். வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து நின்று, "டீச்சர், நீங்க மஞ்சளா செவப்பா?" என்று கேட்டது. வாய்ப்பாடு சொல்லு என்று அதட்டினேன். வேறென்ன சொல்வது?

எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆனால் கொஞ்சம் யோசித்தால் புரியாமல் இல்லை. மகளை லயத்துக்கு அனுப்புகிறேனே என்று அப்பாவால் வாய்விட்டுச் சொல்ல முடியாது. உன் ஜன்னலுக்கு வெளியே நின்றது போதும் என்று மண்டோராலும் சொல்ல முடியாது. சாதியையும் ஊரையும் பேசக் கூச்சப்பட்ட இரண்டு மரியாதைக்காரர்கள் வாரின் நிறத்தைப் பேசினார்கள். வெறும் பாரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று மண்டோர் கேட்டால், அது கேமராவைப் பற்றிய கேள்வி இல்லை என்று அப்பாவுக்குத் தெரியும்.

சண்டை முற்றிப்போய் ஒருநாள், சிவப்பு வந்தால் நான் மணவறைப் பக்கம் வரமாட்டேன் என்று அப்பா சொல்லிவிட்டார். மஞ்சள் வந்தால் மகனையே கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்று பதில் வந்தது. எனக்கு அழுகை வந்தது. அழுதால் மஞ்சளுக்கு அழுகிறேனா சிவப்புக்கு அழுகிறேனா என்று ஆராய்வார்கள் என்று பயந்து, குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

கோயில் தலைவர் பஞ்சாயத்துக்கு வந்தார். அவர் தோட்டத்து டிராக்டர் ஓட்டுநர். இரண்டு தரப்பையும் கோயில் மண்டபத்தில் உட்காரவைத்து, முழுக்கக் கேட்டு, கண்ணை மூடி யோசித்து, தீர்ப்புச் சொன்னார்.

"நம்ம டிராக்டர் ஒரு கம்பெனி. பின்னால மாட்டுற டிரெய்லர் வேற கம்பெனி. ஓடலயா? கேமரா உடம்பு மஞ்சள்ல ஐயா வாங்கட்டும். லென்ஸ செவப்புல மண்டோர் வாங்கட்டும். ரெண்டு வீட்டுக்கும் மரியாதைலா."

மண்டபமே மெய்மறந்து போயிற்று. அப்பாவும் மண்டோரும் ஒரே நேரத்தில் தலையாட்டினார்கள், அவர்கள் ஒத்துப்போய் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. மாப்பிள்ளையின் முகம் மட்டும் பேயறைந்ததுபோல இருந்தது.

மறுநாள் பள்ளியில் அவர் என்னைத் தனியாக அழைத்து விளக்கினார். ஒரு கம்பெனி லென்ஸ் மறு கம்பெனி உடம்பில் சேராதாம். வாய் வேறு, பூட்டு வேறு. தலைகீழாக நின்றாலும் மாட்டாதாம். போய்ச் சொல்லிவிடட்டுமா என்று கேட்டார்.

"வாயத் திறந்தீங்கன்னா நானே உங்கள வேணாம்னு சொல்லிடுவேன்," என்றேன். "மொதல்ல தாலி. கேமராவ அப்புறம் பாத்துக்கலாம்."

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தை முடி என்பார்கள். நாங்கள் ஒரு பொய்யும் சொல்லவில்லை, வாயை மூடிக்கொண்டிருந்தோம், அவ்வளவுதான். சொல்ல முயன்றவர் தவுக்கே ஒருவர்தான். அப்பா உடம்பை மட்டும் கேட்டபோது, இதற்குச் சிவப்பு லென்ஸ் சேராது என்று பாசார் மலாயில், அந்தக் கடைத்தெரு மலாயில், மன்றாடியிருக்கிறார். இன்னொரு லென்ஸையும் தலையில் கட்டப் பார்க்கிறான் என்று அப்பா அவரை முறைத்துவிட்டு வந்தார். மண்டோருக்கும் அதே உபதேசம் கிடைத்தது, அவரும் அதே முறைப்பை முறைத்தார்.

வந்த இரண்டையும் உடனே சேர்த்துப் பார்த்திருந்தால் குட்டு அன்றே வெளிப்பட்டிருக்கும். கோயில் தலைவர் காப்பாற்றினார். முகூர்த்தத்தில்தான் சேர்க்க வேண்டும், முன்னால் சேர்ப்பது அபசகுனம் என்றார். அந்தச் சாஸ்திரம் எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. சொந்தக் கேமரா இருக்கும்போது எதற்கு என்று டவுன் ஸ்டூடியோக்காரரையும் வேண்டாம் என்றுவிட்டார்கள்.

கல்யாணத்தன்று கேமரா உடம்பு ஒரு தட்டில் தேங்காய்க்குப் பக்கத்திலும், லென்ஸ் இன்னொரு தட்டில் வெற்றிலை மேலும் மேளதாளத்தோடு கோயிலுக்கு வந்தன. இரண்டுக்கும் குங்குமம் வைத்திருந்தார்கள். அப்பா என்னைத் தாரை வார்த்துக் கொடுத்தார், அப்போதும் என் கையைத்தான் பார்த்தார். பிறகு எழுந்துபோய், தாலி கட்டும் படத்தை நானே பிடிப்பேன் என்று மஞ்சளைக் கையில் எடுத்தார். மண்டோர் சிவப்பைக் கொண்டுவந்தார். சபை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது.

சேரவில்லை. இடப்பக்கம் திருப்பினார்கள், வலப்பக்கம் திருப்பினார்கள். தலைவர் வந்து உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினார். கொஞ்சம் தேங்காய் எண்ணெய் போட்டால் இறங்கும் என்று கூட்டத்திலிருந்து யாரோ யோசனை சொன்னார்கள். அப்பாவின் காதுகள் சிவந்தன. இவர் இப்போது கேமராவை வைத்துவிட்டு வெளியே நடந்துவிடுவார் என்றே நினைத்தேன்.

தாலியைக் கையில் வைத்திருந்த மாப்பிள்ளை மெதுவாகச் சொன்னார்: "மாட்ட வேணாம்ப்பா. லென்ஸ சும்மா முன்னால ஒட்டிப் புடிச்சாலே படம் வரும்."

இப்படியாக, அப்பா கேமராவில் கண்ணை வைத்து நிற்க, மண்டோர் படத்தை மறைக்காமல் ஓரமாக ஒதுங்கி, அவர் முகத்தைப் பார்த்து நின்று, இரண்டு கையாலும் லென்ஸை ஒட்டிப் பிடித்தார். வெளிச்சம் கசியக் கூடாதென்று தோள் துண்டை எடுத்து இரண்டும் சேரும் இடத்தைச் சுற்றிக்கொண்டார். அப்பா அவரை முன்னால் தள்ளச் சொன்னார், பின்னால் இழுக்கச் சொன்னார். மண்டோர் தள்ளினார், இழுத்தார். குருக்கள் நேரமாகிறது என்று முனகினார். நாதஸ்வரக்காரர் கன்னத்தை உப்பியபடி காத்திருந்தார்.

"தெரியேல்லை," என்றார் அப்பா. "எல்லாம் கலங்கலாத்தான் கிடக்கு. உந்த லென்ஸ் சரியில்லை."

சண்டை வரப்போகிறது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். வரவில்லை. கண்ணைத் திறந்தபோது மண்டோர் லென்ஸைப் பார்க்கவில்லை. கேமராவுக்குக் கீழே அப்பாவின் தாடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது.

"லென்சு நல்லாத்தான் இருக்கு சம்மந்தி," என்றார் அவர், அப்பாவுக்கு மட்டும் கேட்கும்படி. மணவறை பக்கத்திலேயே இருந்ததால் எனக்கும் கேட்டது. "நீங்க கண்ணத் தொடச்சிக்குங்க."

துண்டை அவிழ்த்து நீட்டினார். அப்பா அதை வாங்கி முகம் முழுவதையும் துடைத்தார். துடைத்துவிட்டு, கேமராவை மண்டோரின் கையிலேயே கொடுத்துவிட்டு, என்னைப் பார்த்தார். நேராக, முகத்தைப் பார்த்தார். பிறகு மாப்பிள்ளையிடம் திரும்பினார்.

"தம்பி, நீங்கள் கட்டுங்கோ. நான் கண்ணாலேயே பாக்கிறன்."