கதவைப் பார்த்த நாற்காலிகள்

என் வீட்டுக்காரர் ஆர்க்கிடெக்ட். ஆபீஸில் அவருக்கு வைத்த பட்டப்பெயர் ‘காரணம்’. ஒரு ஜன்னலை ஏன் அங்கே வைத்தீர்கள் என்று கேட்டால் போதும். காற்று, வெளிச்சம் என்று ஆரம்பித்து, அந்த வீட்டில் இனிமேல் பிறக்கப்போகும் குழந்தை அங்கே உட்கார்ந்து படிக்கும் பாடம் வரை போய்விடுவார். உண்மையில் பென்சில் போன இடத்தில் ஜன்னல் வந்திருக்கும், அவ்வளவுதான். “முதல்ல கோடு, அப்புறம்தான் காரணம். எங்க தொழில்ல முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். வெளிய சொல்லிடாத” என்று என்னிடம் அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

அந்த ஆபீஸில் ஒரு காலத்தில் உட்கார இடமில்லாமல் ஆட்கள் இருந்தார்கள். இப்போது முதலாளி, இவர், கணக்குப் பார்க்கும் பெண். மற்ற மேசைகளில் அட்டையில் செய்த பழைய வீடுகள் தூசி படிந்து கிடக்கின்றன. மனையின் அளவையும் வேண்டிய அறைகளையும் சொன்னால், டீ ஆறுவதற்குள் ஏஐ பத்துப் பதினைந்து பிளான் போட்டுக் கொடுத்துவிடுகிறது. தூண், படிக்கட்டு, தண்ணீர்க் குழாய் எல்லாம் சேர்த்து. “நல்லாவும் போடுதுடி” என்று ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார். அதற்குமேல் அவர் சாப்பிடவில்லை.

எனக்கு இதெல்லாம் புதிதில்லை. பல் செட்டு செய்யும் லேபில் வேலை பார்க்கிறேன். பல்லை இப்போது மெஷின் கடைந்துவிடுகிறது, நான் நிறம் பார்த்து மெருகு போடுகிறேன். அதற்காக மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டா இருக்கிறேன்? டைல்ஸ் கடை வைத்திருக்கும் என் அண்ணன் இவரை மேனேஜராக வரச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். “மாப்ள, வீடு வரையறதெல்லாம் இனிமே சோறு போடாது. எந்த ஏஐ வேணா பிளான் போடட்டும், தரைக்கு டைல்ஸ் ஒட்டித்தானே ஆகணும்?” என்பான். இவர் “பார்க்கலாம்” என்பார். அந்த ஒரு ‘பார்க்கலாம்’ எங்கள் வீட்டில் மூட்டிய சண்டை கொஞ்சநஞ்சமில்லை. அண்ணனும் பொறுமை இழந்து, இந்த வாரத்துக்குள் பதில் சொல்லாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்று சொல்லிவிட்டான்.

அந்த வாரத்தில்தான் டாக்டரம்மாவின் வேலை வந்தது.

புற்றுநோய்க்காரர்களை நாற்காலியில் உட்கார வைத்துப் பகல் முழுவதும் மருந்து ஏற்றி, சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பும் சின்ன ஆஸ்பத்திரி அவருடையது. இடம் போதாமல் புதிதாகக் கட்ட நினைத்தார். ஒரே ஒரு நிபந்தனை. “மெஷின் போட்ட பிளான் எனக்கு வேண்டாம். ஒரு மனுஷன் வந்து என் பேஷன்ட் உட்கார்ற நாற்காலியில உட்கார்ந்து பார்த்துட்டு வரையணும்.” இவர் போனார், உட்கார்ந்து பார்த்தார், வரைந்தார். எல்லா நாற்காலியும் ஜன்னலைப் பார்த்தபடி. ஜன்னலுக்கு வெளியே மரங்கள்.

முதலாளி அதே விவரங்களை ஏஐயிடம் கொடுத்தார். அது நாற்காலிகளைக் கதவைப் பார்த்துத் திருப்பியிருந்தது. அதே இடத்தில் இன்னும் இரண்டு நாற்காலிகள் பிடித்தன. நர்ஸ் ஒரே இடத்தில் நின்று எல்லோரையும் பார்க்க முடிந்தது. தன்னுடையதைவிட அது நன்றாக இருந்ததை இவரும் மறுக்கவில்லை.

“இதுதான் போகுது. நீ போட்டதுன்னு சொல்லிடு” என்றார் முதலாளி.

“அவங்க மெஷின் வேணாம்னு சொன்னாங்களே சார்.”

“அவங்களுக்கு மனுஷன் வேணும். அதான் நீ போறியே!”

முடியாது என்றால் வேலை இல்லை என்று முதலாளி வாயைத் திறந்து சொல்லவில்லை. ஆள் இல்லாத மேசைகளை ஒரு சுற்றுப் பார்த்தார். இவருக்குப் புரிந்தது.

டாக்டரம்மா பிளானை வெகுநேரம் பார்த்தாராம். பிறகு விரலை வைத்து, “ஏன் எல்லா நாற்காலியும் கதவைப் பார்த்து இருக்கு?” என்று கேட்டார். இவருக்கு எப்படித் தெரியும்? போட்டது இவர் இல்லையே. ஆனால் பழகின வாய் சும்மா இருக்குமா?

“மருந்து ஏறும்போது அவங்க கண்ணு கதவு மேலதான் இருக்கும் டாக்டர். கூட்டிட்டுப் போக ஆள் வந்தாச்சான்னு பார்த்துக்கிட்டே இருப்பாங்க. அதுக்காகக் கழுத்தைத் திருப்பித் திருப்பி வலிக்கக் கூடாது பாருங்க.”

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். அவர் கணவருக்கும் இதே நோய், இதே ஆஸ்பத்திரியில்தான் வைத்தியம். “நான் பக்கத்து ரூம்லதான் இருப்பேன். ஆனாலும் கழுத்தைத் திருப்பிக் கதவையே பார்த்துக்கிட்டு இருப்பார், கடைசி வரைக்கும்” என்று சொல்லி அழுதிருக்கிறார். அழுதுகொண்டே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

இவர் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அப்பாடா, வேலை தப்பியது என்று நினைத்தேன்.

“அவங்க அழுதாங்கடி” என்றார்.

“சரி, அழுதாங்க. நல்ல பிளான்தானே கிடைச்சிருக்கு அவங்களுக்கு?”

“நான் போடாத பிளான். அந்த நிமிஷம் வாயில வந்த காரணம். அதுக்கு அழுதாங்க. நாளைக்குப் போய்ச் சொல்லிடப் போறேன்.”

தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். எங்கள் எல்லார் தலையிலும் சேர்த்துப் போடுகிற ஆளை அன்றுதான் பார்த்தேன். கத்தினேன், கெஞ்சினேன். அவர் மசியவில்லை. மறுநாள் லேபுக்கு லீவு சொல்லிவிட்டு நானும் கூடக் கிளம்பினேன். பேச்சை ஆரம்பித்ததும் தலை சுற்றுகிறது என்று சொல்லி அவரை வெளியே இழுத்துவிட வேண்டும். அதுதான் என் திட்டம்.

டாக்டரம்மாவின் அறை சின்னது. இரண்டு நாற்காலிக்குமேல் போட முடியாது. உட்கார்ந்த உடனே இவர் சொல்லிவிட்டார், முன்னுரை இல்லை, முகாந்திரம் இல்லை. “அந்த பிளான் நான் போட்டதில்ல டாக்டர். ஏஐ போட்டது. தெரிஞ்சேதான் பொய் சொன்னேன்.” எனக்குத் தலை சுற்றவே நேரமில்லை.

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார்.

“நான் உங்க முன்னாடி அழுதேன்.”

“ஆமா டாக்டர்.”

“அவரைப் பத்தி நான் வெளி ஆள்கிட்டப் பேசினதே இல்ல, தெரியுமா?” குரல் நடுங்கியது. கோபத்தில்தான். “அந்தக் காரணத்தையும் மெஷின்தான் எழுதிக் குடுத்துச்சா?”

“இல்ல. நான் இங்க வந்து உட்கார்ந்தப்போ எதிர்ல ஒருத்தர் கழுத்தைத் திருப்பித் திருப்பிக் கதவைப் பார்த்துக்கிட்டு இருந்தார். நான் அவரைப் பார்த்தேன். பார்த்துட்டும் ஜன்னல்தான் வரைஞ்சேன். மரம் அழகா இருக்கும்னு.”

அதைக் கேட்டபோது எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் போய், பாவமாக இருந்தது. இருபது வருடமாகச் செய்யும் தொழிலில், தன் கண்ணெதிரே இருந்ததைக்கூடத் தான் வரையவில்லை என்று ஒரு மனிதன் சொல்கிறான். பொய் சொன்னதைவிட இதைச் சொல்வதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்திருக்கும்.

டாக்டரம்மா அங்கேயே முதலாளிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். முதலாளி கொஞ்சமும் அசரவில்லை. “அவன் கொஞ்ச நாளாவே சரியில்ல டாக்டர். வீட்ல ஏதோ பிரச்சினை. மனசுல வெச்சுக்காதீங்க” என்றார்.

என்னால் பொறுக்க முடியவில்லை. “அந்தப் பிரச்சினை இங்கதான் உட்கார்ந்திருக்கு சார்” என்றேன்.

முதலாளி ஒருமுறை செருமினார். பிறகு, “அவனை இனிமே ஆபீஸ் பக்கம் வர வேணாம்னு சொல்லுங்க” என்று போனை வைத்துவிட்டார். தடுக்க வந்த நானே அவர் வேலையின் சவப்பெட்டிக்குக் கடைசி ஆணியையும் அடித்துவிட்டேன்.

டாக்டரம்மா எழுந்தார். “வாங்க. எதைப் பார்த்து உட்காரணும்னு உட்கார்றவங்ககிட்டயே கேளுங்க.”

மருந்து ஏற்றும் அறையில் நாற்காலிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் கம்பியில் பாட்டில் தொங்கியது. முதலில் இருந்த பெரியவர் கதவுதான் நல்லது என்றார். அடுத்து இருந்த பெண், “எனக்கு வேண்டாங்க. கதவைப் பார்த்துக்கிட்டே இருந்தா, யாரும் வரலைங்கறதும் தெரியுமில்ல” என்றாள். இவர் அடுத்த நாற்காலிக்கு நகர்ந்தார்.

மூலையில் இருந்த அம்மா மெலிந்து ஒடுங்கியிருந்தார். தலையில் ஒரு துணி. ஜன்னலா கதவா என்று கேட்டதும் சிரித்துவிட்டார்.

“எங்கப்பா உட்கார்றோம்? ஊசி போட்ட உடனே நாற்காலியைச் சாய்ச்சுப் படுக்க வெச்சுடறாங்க. நான் பார்க்கறதெல்லாம் இந்த டியூப் லைட்டைத்தான். கண்ணை மூடினாலும் உள்ள வருது.”

நாங்கள் மூன்று பேரும் மேலே பார்த்தோம். முகத்துக்கு நேராக வெள்ளைக் குழல் எரிந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு நாற்காலிக்கும் மேலே ஒன்று. “நானும் தலைக்கு மேலதான் லைட் போட்டிருக்கேன். மெஷினும் அப்படித்தான் போட்டிருக்கு” என்றார் இவர் மெதுவாக. “அன்னிக்கு நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சாயல.”

“புதுக் கட்டடம் எப்போ முடியும் தம்பி?” என்று அந்த அம்மா கேட்டார். “நான் இருக்கறதுக்குள்ள ஆயிடுமா?”

இவர் வாயைத் திறந்தார். ஐயோ, ஏதாவது அழகாகச் சொல்லிவிடப் போகிறார் என்று பயந்தேன்.

“தெரியலம்மா” என்றார்.

சொல்லிவிட்டுச் சுற்றிலும் பார்த்தார். சுவரோரம் ஒரு இரும்பு ஸ்டூல் இருந்தது. அதை இழுத்துவந்து போட்டு, சுவிட்சை அணைக்கச் சொல்லிவிட்டு ஏறினார். ஸ்டூல் ஒரு காலில் ஆடியது. விழுந்து தொலைக்கப் போகிறார் என்று நான் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டேன். டியூபைத் திருகிக் கழற்றினார். சுவிட்சை மறுபடி போட்டபோது அந்த அம்மாவின் முகம் மட்டும் நிழலில் இருந்தது. அவர் கண்ணை மூடிப் பார்த்தார், கொஞ்ச நேரம் அப்படியே மூடியிருந்தார்.

டாக்டரம்மா இன்னும் இவர் முகத்தைப் பார்க்கவில்லை. “பிளான் எதையும் தூக்கிட்டு வராதீங்க. நாளைக்கு வந்து ஒரு நாள் பூரா இந்த நாற்காலியில சாய்ஞ்சு படுங்க. அப்புறம் பார்க்கலாம். வேலை தர்றேன்னு நான் சொல்லல” என்றார்.

இருந்த வேலை போய்விட்டது. இது வேலையே இல்லை. சாயங்காலம் அண்ணனுக்குப் போன் செய்து, இவர் கடைக்கு வரமாட்டார் என்று நான்தான் சொல்லப்போகிறேன் என்பது அந்த ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததில் அழுகையாகவும் வந்தது, இவரை நாலு சாத்து சாத்தலாம் போலவும் இருந்தது.

பக்கத்து நாற்காலியில் சாய்ந்திருந்தவர் ஊசி குத்தாத கையை லேசாகத் தூக்கினார்.

“தம்பி, எனக்கும்.”

நான் ஸ்டூலை நகர்த்திப் போட்டேன்.