கல்யாணப் பத்திரிகையாக வந்த வைரஸ்

கோவையில் பம்ப் செய்யும் சிறிய பட்டறை ஒன்றில் எனக்கு ஆபீஸ் வேலை. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். பட்டறையிலும் இங்கிலீஷில் மெயில் வந்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

'குட்மார்னிங் என்று மெயில் வந்தால் திறக்காதீர்கள், ஹார்டு டிஸ்க் எரிந்துவிடும், எல்லோருக்கும் சொல்லுங்கள்' என்று ஒருநாள் வந்தது. நம்பி, வாடிக்கையாளர்களில் ஒருவர் விடாமல் எல்லோருக்கும் அனுப்பினேன். ஒன்றும் எரியவில்லை. அப்படியொரு வைரஸே கிடையாதாம். என்னைப் போலப் பயந்தவர்கள்தான் அதைப் பரப்பியிருக்கிறார்கள். அதன்பிறகு லேத் ஓட்டும் அண்ணன் தினமும் என் மேஜையைத் தாண்டும்போது, "குட்மார்னிங் தம்பி, எதாச்சும் எரியுதுங்களா?" என்பார்.

அந்தக் கூச்சம் என் வாயைக் கட்டிவிட்டது.

சில மாதம் கழித்து, தெரிந்த டீலர் பெயரில் ஒரு கல்யாணப் பத்திரிகை மெயிலில் வந்தது. அது படம் அல்ல, புரோகிராம் என்று பைல் பெயரின் கடைசியில் இருந்த '.exe' என்ற வாலே சொன்னது. உறுத்தியது. ஆனால், "அப்பறமாப் பாத்துக்கலாமுங்க" என்று மட்டும் பக்கத்தில் நின்ற முதலாளியிடம் முனகினேன்.

"நல்லா இருக்குது போங்க!" என்றார் முதலாளி. "பத்திரிகை வெக்க வந்தவங்கள வாசல்லயே நிக்க வெப்பாங்களா? தொறங்க தம்பி."

திறந்தேன். கொஞ்ச நேரத்தில் கம்ப்யூட்டரில் இருந்த பம்ப் வரைபடங்கள் அத்தனையும் திறக்க முடியாதபடி பூட்டிக்கொண்டன. வேறெங்கும் நகல் இல்லை. வரைபடம் இல்லாமல் எதையும் வார்க்க முடியாது. பட்டறை நின்றுவிடும்.

முதலாளி டீலருக்குப் போன் போட்டார். "ஏனுங்க, கல்யாணம் யாருக்குங்க?"

"கல்யாணமா? எம்பட பொண்ணு மூணாங்கிளாஸுங்க!"

யாரோ அவருடைய மெயிலுக்குள் புகுந்திருக்கிறார்கள். போனை வைத்ததும், "நான் அப்பவே வெவரமாச் சொல்லியிருக்கோணுமுங்க" என்றேன்.

"சொல்லியிருந்தா மட்டும் நான் கேட்டிருப்பனாக்கும்?" என்று எழுந்து போய், அளவெடுக்கும் வெர்னியர் கருவியை எடுத்து வந்தார்.

பட்டறையில் இருந்த பம்புகளைக் கழற்றி, அளந்து, ஒவ்வொன்றாக மறுபடி வரைந்தோம். பழைய மாடல் ஒன்று மட்டும் கையில் இல்லை. உடுமலைப்பேட்டைப் பக்கம் ஒரு தோட்டத்துக் கிணற்றில் அது இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. தோட்டத்துக்காரரிடம் நானே போனில் கேட்டேன்.

"கழட்டிக்கலாமுங்க. தென்னைக்குத் தண்ணி பாயுது, அது முடியட்டும். சாப்பிடாம வந்துருங்க, இங்க சாப்பிட்டுக்கலாம்."

போனோம். வயிறார உண்டு, அளந்து வந்தோம். அன்று வரைந்ததை இரண்டு இடத்தில் நகலெடுத்த பிறகுதான் கம்ப்யூட்டரை அணைத்தேன்.