கழட்டினது யார்?

போன வெள்ளிக்கிழமை ஈப்போவில் ஒரு பட்டறை வாசலில் நின்றிருந்தேன். என் கார் ஒரு வாரமாக ஒழுங்காக இல்லை. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் குலுங்குகிறது, இருமுகிறது, பிறகு மனசு வந்தால் ஓடுகிறது. வயது எட்டு. கார் வயதில் அது கிழடுதான்.

பட்டறைத் தம்பி பானட்டைத் திறந்தார். எதையும் தொடுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டார்.

"அண்ணே, யாராச்சும் இதுல கை வச்சாங்களா?"

"இல்லையே!" என்றேன். அவர் கேட்டு முடிப்பதற்குள் சொல்லிவிட்டேன்.

அவர் குனிந்து, தொங்கிக்கொண்டிருந்த ஒரு ஒயரை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினார். "டெம்பரேச்சர் சென்சார் ஒயர். இது தானா கழண்டுக்காதுலா, அண்ணே."

ஞாயிற்றுக்கிழமை துடைக்கிறேன் பேர்வழி என்று கழட்டியது நான்தான். திரும்ப மாட்ட மறந்ததும் நான்தான். எஞ்சின் சூடாகிவிட்டதா இல்லையா என்று தெரியாமல், கார் பாட்டுக்குப் பெட்ரோலை அள்ளிக் குடித்துக் குலுங்கியிருக்கிறது. தம்பி ஒயரைச் சொருகினார். கார் சொன்ன பேச்சு கேட்டது.

ஆமாம், ஏன் பொய் சொன்னேன்? டாக்டரிடம் நோயாளி சொல்லும் பொய்யைவிட, மெக்கானிக்கிடம் கார்க்காரன் சொல்லும் பொய் அதிகம் என்பது என் கணக்கு. காருக்கு வாய் இல்லை என்ற தைரியம்!

இந்தப் பொய் எனக்குப் புதிதும் இல்லை. பதினைந்து வருஷத்துக்கு முன்னால் இதே பொய்யைச் சொல்லி, என் மாமனாரின் குடியுரிமைக்கே உலை வைக்கப் பார்த்தேன். வெளியில் சொல்ல வெட்கமாக இருந்ததால் இத்தனை நாள் இந்தப் பத்தியில் எழுதவில்லை. அந்த ஒயர் என் வாயைத் திறந்துவிட்டது... எழுதிவிடுகிறேன்.

எழுபதுகளின் தொடக்கம். சித்தியவான் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் சின்னக் கிராணி – அதாவது ஆபீஸ் குமாஸ்தா. கல்யாணமாகி இரண்டு வருஷம். மாமனார் அதே தோட்டத்தில் பால்மரம் சீவுகிறவர். சின்ன வயதில் கப்பலேறி வந்தவர், அதனால் அவரிடம் இருந்த ஐ.சி., அதாவது அடையாள அட்டை, சிவப்பு. சிவப்பு என்றால் குடிமகன் இல்லை. குடிமகன் இல்லை என்றால் வேலை செய்ய பெர்மிட் வேண்டும். அந்த பெர்மிட் அடுத்த மாதம் முடிகிறது. இனிமேல் நீட்டுவார்களா என்பது யாருக்கும் தெரியாது. வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும்.

குடிமகனுக்குரிய நீல ஐ.சி.க்கு மனுப் போட்டிருந்தார். மலாயில் பேசிக் காட்ட வேண்டும். முந்தைய வருஷம் ஒரு தடவை போய் உட்கார்ந்தார். "பிள்ளைகள் எத்தனை?" என்று அதிகாரி மலாயில் கேட்டிருக்கிறார். சந்தையில் மீன்காரனோடு மலாயில் மல்லுக்கு நிற்கிற மனுஷன், அந்த நாற்காலியில் வாயடைத்துப் போனார். ஐந்து பிள்ளை பெற்றவருக்கு ஐந்து என்ற சொல் வரவில்லை. தோற்றுத் திரும்பினார்.

இப்போது இரண்டாவது அழைப்பு. ஈப்போவில், காலை பத்து மணிக்கு. வராவிட்டால் மனு தள்ளுபடி என்று கடிதத்திலேயே இருந்தது. அதை மொழிபெயர்த்துச் சொன்னவன் நான்.

"பஸ்ஸுல போய்க்கிறேன் மாப்பிள்ள" என்றார் மாமா.

"கார் இருக்கும்போது பஸ்ஸா?" என்றேன் நான். என்ன கார்? எனக்கு முன்னால் இரண்டு பேர் ஓட்டிக் களைத்துப்போன ஒரு பழைய இங்கிலாந்துக் கார். ஆனாலும் கார் வைத்திருந்த கிராணி நான் ஒருவன்தான். அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

அந்தக் காரில் பெட்ரோல் முள் எப்போது பார்த்தாலும் பாதியிலேயே நிற்கும். பெட்ரோல் தாங்கிக்குள் ஒரு மிதவை இருக்கும். பெட்ரோல் ஏறினால் அதுவும் ஏறி, முள்ளுக்குச் சேதி சொல்லும். இன்றைக்கு அதைச் சென்சார் என்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை தாங்கியின் பக்கவாட்டில் மேலாக இருந்த மூடியைக் கழட்டி, மிதவையை எடுத்துச் சுத்தம் செய்தேன். மாமா பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட்டபடி பார்த்துக்கொண்டிருந்தார். மூடிக்கு உள்ளே இருந்த வளையம் நொறுங்கிப் போயிருந்தது. அதனால் என்ன? நாம் இருப்பது ரப்பர் தோட்டமாயிற்றே! புகை போட்டுக் காய்ந்த ரப்பர் ஷீட்டில் ஒரு துண்டை வெட்டி, வளையமாக்கி, திருகி மூடினேன். முள் வேலை செய்தது. அன்று முழுக்க என்னைக் கையில் பிடிக்க முடியவில்லை.

அடுத்த வாரம் மச்சான் கோபால் காரை இரவல் கேட்டார். என் மனைவியின் அண்ணன், லாரி ஓட்டுகிறவர். பாகான் டத்தோவில் ஒரு கல்யாணம். கொண்டுபோனார், கொண்டுவந்தார். மரியாதைக்குத் தாங்கி நிறையப் பெட்ரோல் ஊற்றிக் கொடுத்தார். நான் என்றைக்கும் பாதிக்கு மேல் ஊற்றினதில்லை.

அதற்குப் பிறகுதான் கார் மக்கர் செய்ய ஆரம்பித்தது. சும்மா நின்றால் நன்றாக இருக்கும். மெதுவாகப் போனால் ஒன்றும் இல்லை. வேகம் எடுக்க மிதித்தால் போதும் – உதறும்.

சித்தியவானில் ஒரு சீனர் பட்டறைக்குக் கொண்டுபோனேன். பிளக் மாற்றினார், பாயிண்ட் மாற்றினார். பிறகு மலாயில் கேட்டார், எதையாவது திறந்தாயா என்று. "தடா!" என்றேன். இல்லவே இல்லை என்று அர்த்தம். அவரும் நம்பிவிட்டார், பாவம்.

அந்த நாள் வந்தது. காலை ஏழு மணிக்கே கிளம்பினோம். மாமா வெள்ளைச் சட்டை போட்டு, நெற்றி நிறைய விபூதி பூசி, முன் சீட்டில் உட்கார்ந்தார். வழியில் ஏதாவது என்றால் பார்க்கட்டும் என்று கோபாலும் பின்னால் ஏறிக்கொண்டார்.

அதிகாரி கேட்பார் என்று மாமா நாட்டுக் கோட்பாடுகள் ஐந்தையும் மலாயில் மனப்பாடம் செய்து வைத்திருந்தார். விரல் விட்டு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். ஒன்று, இரண்டு... கார் உதறும். மூன்றாவது மறந்துபோகும். மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிப்பார். ஆயர் தாவாரிலிருந்து துரோனோ வரைக்கும் அவர் மூன்றைத் தாண்டவே இல்லை.

துரோனோ தாண்டி ஒரு சின்ன மேடு. மிதித்தேன். இரண்டு இருமல். அவ்வளவுதான், கார் நின்றது. ஒரு பக்கம் ஈயச் சுரங்கக் குட்டை, மறுபக்கம் லாலான் புல். மணி எட்டே முக்கால். பஸ் வருமா என்று மூவரும் ரோட்டைப் பார்த்தோம். ஒரு சைக்கிள்கூட வரவில்லை.

கோபால் இறங்கிக் கார்புரேட்டரைப் பிரித்தார். ஊசிக் கண் மாதிரி ஓட்டையுள்ள பித்தளைத் துண்டு, அதுதான் ஜெட். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அடைப்பு. வாயில் வைத்து ஊதினார். பழுப்பு நிறத்தில் பிசுபிசுவென்று ஏதோ வந்தது.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "பாத்தீங்களா மச்சான்? பாகான் டத்தோல எந்தக் கம்பத்துப் பட்டிக்காட்டுக் கடையில ட்ரம் எண்ணெ ஊத்துனீங்க? காச மிச்சம் பிடிக்க வேற எடம் கெடைக்கலையா?"

கோபால் நிமிர்ந்தார். உதட்டில் பெட்ரோல் மினுங்கியது. "பம்புலதான் ஊத்துனேன் மாப்பிள. ஃபுல்லா ஊத்துனேன்."

"அப்ப இந்தக் குப்ப எப்படி வந்துச்சு? தாங்கிக்குள்ள தானா மொளைச்சுச்சா?"

"ஒரு நாளு காரு எரவல் வாங்குனதுக்கு இவ்வளவு பேச்சாலா? எங்கப்பா ஐ.சி. விஷயம்னுதான் பொறுத்துக்கிட்டு நிக்கிறேன். இல்லாட்டி இங்கயே போட்டுட்டு நடந்துருவேன்!"

அதற்குள் மாமா இறங்கி வந்துவிட்டார். கோபாலின் உள்ளங்கையிலிருந்த பிசினை விரலால் தொட்டார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து இழுத்தார். அது அறுந்து போகாமல் நூலாக நீண்டது. மோந்து பார்த்தார்.

பிறகு என்னைப் பார்த்தார்.

அந்தப் பார்வையில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ரப்பரைப் பெட்ரோலில் ஊறப்போட்டால் கரைந்து பசையாகும். சைக்கிள் டியூப் ஒட்ட அதைத்தானே செய்வோம்? தோட்டத்தில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். எனக்கும் தெரியும். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை என் புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ! பாதித் தாங்கி ஓடியவரைக்கும் வளையம் நனையவில்லை. மச்சான் மனசார நிறைய ஊற்றினார், அது கரைந்துவிட்டது.

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். "மச்சான், தப்பு என் மேலதான்" – நாலே சொல். வாய் வரைக்கும் வந்தது. கிராணி உத்தியோகம், கார், வீட்டு மாப்பிள்ளை என்ற கெத்து எல்லாம் சேர்ந்து அதைத் தொண்டைக்குள் தள்ளிவிட்டன.

மாமாவும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. "ஊதிட்டு மாட்டுப்பா. நேரமாச்சு" என்றார் மகனிடம்.

அதற்குப் பிறகு மூன்று மைலுக்கு ஒரு தடவை கார் நின்றது. ஒவ்வொரு தடவையும் கோபால் இறங்கினார், பிரித்தார், வாயில் வைத்து ஊதினார், துப்பினார், மாட்டினார். உதடு வெந்து சிவந்துவிட்டது. கழட்டிய திருகாணிகளை மாமா கையில் ஏந்திக்கொண்டு நின்றார். கை, சட்டை, எல்லாம் கரி. நான் வாட்ச்சைப் பார்த்தேன். ஒன்பதே கால். ஒன்பதே முக்கால். பூசிங் வரும்போது பத்து. மாமா விரல் விட்டு எண்ணுவதை எப்போதோ நிறுத்திவிட்டார். ஒரு மனுஷனின் வேலை, வீடு, அவர் காலூன்றி நிற்கிற மண் – எல்லாவற்றையும் ஒரு ரப்பர் வளையத்தால் அடைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

ஈப்போ ஆபீஸில் நாங்கள் நுழைந்தபோது பத்தே முக்கால். பெயரைக் கூப்பிட்டு முடித்தாயிற்று என்றார் வாசலில் இருந்தவர். நான் கெஞ்சினேன். அவர் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, மாமாவை மட்டும் அனுப்பினார். கதவு திறந்தே இருந்தது. கோபாலும் நானும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். இரண்டு பேருக்கும் நடுவில் இன்னொரு ஆள் உட்காருகிற அளவு இடம்.

உள்ளே கண்ணாடி போட்ட மலாய்க்கார அதிகாரி. கோப்பைத் திறக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார்.

"பாக்சிக், கெனாப்பா லம்பாட்?" பெரியவரே, ஏன் தாமதம் என்று கேட்கிறார்.

மாமா நாற்காலியில் உட்கார்ந்து தன் கறுத்த கைகளைப் பார்த்தார். போன வருஷம் மாதிரியே வாயடைத்துவிட்டதோ?

"கெரேத்தா ரோசாக், துவான்" என்றார் மாமா. கார் கெட்டுப்போச்சு ஐயா.

"ரோசாக் அப்பா?" என்ன கெட்டது?

"கெத்தா மாசோக் தங்கி." தாங்கிக்குள் ரப்பர் போய்விட்டது.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். பெட்ரோல் தாங்கிக்குள் ரப்பர் எப்படிப் போகும் என்று அவருக்கு நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

மாமா மூச்சை இழுத்துவிட்டார். பிறகு ஒரே ஓட்டமாக, தங்கு தடையில்லாத மலாயில் சொன்னார்:

"மெனந்து சாயா போடோ, துவான்!"

என் மருமகன் முட்டாள், ஐயா. அதோடு விடவில்லை. தாங்கியை அவன் திறந்தான். ரப்பர் ஷீட்டை வெட்டி வைத்தான். பெட்ரோல் ரப்பரைத் தின்றுவிட்டது. என் மகன் மேல் பழியைப் போட்டான். "அனாக் சாயா தாக் சாலா" – என் மகன் மேல் தப்பில்லை. அவன்தான் வழி நெடுக வாயால் ஊதி என்னை இங்கே கொண்டுவந்தான். அவன் உதட்டை வேண்டுமானால் பாருங்கள் துவான்.

பெஞ்சில் எனக்குத் தலை நிமிரவில்லை. கோபாலுக்கு மலாய் தண்ணீர் பட்ட பாடு.

உள்ளே அதிகாரி சிரித்தார். கண்ணாடியைக் கழட்டித் துடைத்துக்கொண்டு சிரித்தார். பாக்சிக்கின் மலாய் போதும், தாராளமாகப் போதும் என்று சொல்லிவிட்டு, கோப்பைத் திறந்து முத்திரையைக் குத்தினார். நீல ஐ.சி. வீட்டுக்கு வர மாதங்கள் ஆயின. ஆனால் அது உறுதியானது அந்த முத்திரைச் சத்தத்தில்தான்.

மாமா வெளியே வந்தார். முகத்தில் கொஞ்சம் வருத்தம். "அந்த அஞ்சு கோட்பாட்டையும் கேக்கவே இல்ல மாப்பிள்ள" என்றார்.

கோபால் எழுந்தார். என்னை அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் பாக்கெட்டிலிருந்து ஸ்குரூடிரைவரை எடுத்து என் கையில் வைத்தார்.

"போறப்ப நீங்க ஊதுங்கலா, மாப்பிள."

ஊதினேன். முதல் தடவை ஊதி முடித்து, பெட்ரோல் வாயோடுதான் மன்னிப்புக் கேட்டேன். அவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

ஆக, அன்றைக்கு அரசாங்கம் இரண்டு பேரை அங்கீகரித்தது: மாமாவைக் குடிமகனாக, என்னை முட்டாளாக!