ரப்பர் விதை ஓட்டு

அந்தத் தேர்தலை நடத்திய முட்டாள் நான்தான். இன்றைக்கு நினைத்தாலும் என் மேலேயே எனக்கு எரிச்சல் வருகிறது. ஆனால் என்னை முட்டாளாக்கிய ஏற்பாட்டின் மேல் வருகிற கோபம் அதைவிடப் பெரிது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில், மலாயாவில் சுங்காய்க்குப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் நான் கிராணி, அதாவது கணக்குப்பிள்ளை. காலைப் பிரட்டில் ஆட்களைப் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவது என் பொறுப்பு. ஞாயிறன்று பூசை முடிந்து வந்ததும், சென்னையிலிருந்து கப்பலில் வரும் பழைய பத்திரிகையை லயத்து வீடுகளில் குடியிருந்த கூலி ஜனங்களுக்கு வாசித்துக் காட்டுவேன்.

சென்னையில் ஓட்டுப் போட்டுச் சட்டசபைக்கு ஆள் அனுப்புகிறார்கள் என்று ஒரு ஞாயிறு வாசித்தேன். கோலாலம்பூரிலும் ஒரு சட்டசபை இருப்பது எனக்குத் தெரியும். அங்கேயும் வெள்ளைக்காரன் ஆட்சி, இங்கேயும் அவன் ஆட்சி. அங்கே உள்ள வழக்கம்தானே இங்கேயும் இருக்கும்? நம் தோட்டத்துக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ரப்பர் மரத்தில் பால்வெட்டும் பெண் ஒருத்தி எழுந்தாள். "அய்யா, அங்க போற ஆளு சொன்னா இந்தக் கள்ளுக்கடைய மூடுவாங்களா?"

கடை லயத்தின் கடைசியில் இருந்தது. அவள் புருஷன் அங்கேதான் கிடப்பான். வீட்டுக்குத் திரும்பினால் அவளுக்கு அடி. அவளை வீங்காத முகத்தோடு நான் பார்த்த நாள் குறைவு.

"சட்டம் போட்டா மூடித்தானே ஆகணும்," என்றேன்.

"பொம்பளைக்கும் ஓட்டு இருக்கா?"

"சென்னையில கொஞ்சம் பேருக்கு இருக்கு. நம்ம தோட்டத்துல எல்லாருக்கும் இருக்கு." நானே சட்டம் போட்டு, அடுத்த ஞாயிறே தேர்தல் என்றும் சொல்லிவிட்டேன்!

கடையை மூடச் சொல்லிப் பேசுவதாகத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரசர் தேர்தலில் நின்றார். கடை இருக்கட்டும் என்று பெரிய கங்காணி நின்றார். பிரட்டுக் களத்தில் இரண்டு பால் வாளிகளை வைத்து, ஆளுக்கு ஒரு ரப்பர் விதை கொடுத்தேன். யார் எந்த வாளியில் போடுகிறார்கள் என்று தோட்டமே சுற்றி நின்று பார்த்தது. மறைப்புக் கட்ட வேண்டும் என்று இந்த மூளைக்குத் தோன்றவில்லை. முதல் ஆளாக வந்து டிரசர் வாளியில் விதையைப் போட்டவள் அவள்தான். மற்றப் பெண்களும் அவள் பின்னால் வந்தார்கள். டிரசர் ஜெயித்தார்.

மறுநாளே லீவு சொல்லிவிட்டு, முடிவை இங்கிலீஷில் எழுதி எடுத்துக்கொண்டு, டிரசரோடு எங்கள் மாநிலத் தலைநகரான தைப்பிங்கில் அரசாங்க ஆபீசுக்குப் போனேன். மழையில் நனைந்து போய் நின்றோம். அங்கிருந்த தலைமைக் கிராணி தமிழர். காகிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தார்.

"என்ன தம்பி, ஓட்டா? இந்த நாட்டுல யாருக்கு ஓட்டு இருக்கு? எல்லாம் மேலேருந்து பேர் சொல்லி உக்கார வைக்கிறதுதான் லா."

அவர் விளக்கியபோதுதான் விஷயம் புரிந்தது. கோலாலம்பூர் சபைக்குத் தலைவர் வெள்ளைக்கார ஹைகமிஷனர். சுல்தான்மாருக்கும் இடம் உண்டு. அரசாங்க உத்தியோகஸ்தர்கள்தான் அதிகம். மிச்ச நாற்காலிகள் ஹைகமிஷனர் பொறுக்கி எடுத்த தோட்டத் துரைமாருக்கும் ஈயச் சுரங்க முதலாளிகளுக்கும். தமிழனுக்கு ஒரு முக்காலிகூட இல்லை. மசோதாவை மூன்று தடவை வாசிப்பார்களாம். கை தூக்குகிறவர்களில் பாதிக்கு மேல் அரசாங்கச் சம்பளக்காரர்கள் என்றால், முப்பது தடவை வாசித்துத்தான் என்ன பிரயோசனம்? வேலை வாங்குகிற துரை உள்ளே உட்கார்ந்து, வேலை செய்கிறவனுக்குச் சட்டம் போடுகிறான். வேலிக்கு ஓணான் சாட்சி!

"அப்ப கள்ளுக்கடை?" என்றார் டிரசர்.

"அதுல கவர்மெண்டுக்கு வரும்படி இருக்குல்ல அண்ணே. யாரு மூடுவா?"

திரும்பி வந்த மறுநாள் பிரட்டில் பேர் கூப்பிட்டேன். அவள் வலது கையைத் துணியால் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தாள். அந்தக் கையோடு எப்படிப் பால் வெட்டப் போகிறாள்? மற்றவர்கள் கலைந்ததும் அவளே கிட்டே வந்தாள்.

"நான் எந்த வாளியில போட்டேன்னு எம் புருஷன் பாத்துட்டாங்கய்யா. அன்னிக்கே கைய முறிச்சிட்டான். அது கெடக்கட்டும். தைப்பிங்ல என்ன சொன்னாங்க? நம்ம ஓட்டு செல்லும்தானே?"

"செல்லாதும்மா. இங்க யாருக்கும் ஓட்டே இல்லையாம்."

அவள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இது விதை போடுறதுக்கு முன்னாலேயே உங்களுக்குத் தெரியாதாய்யா?" என்று மட்டும் கேட்டாள்.