கதாநாயகனுக்குக் கண் பரிசோதனை

எங்கள் மாடியில் குடியிருந்த அம்மாவுக்குக் கதைக்காரம்மா என்றே பெயர் நிலைத்துவிட்டது. இளம்பெண்களுக்குக் காதல் நாவல் எழுதுவது அவர் தொழில். அவருடைய கதாநாயகனுக்கு வேலைவெட்டி எதுவும் கிடையாது. கதாநாயகி போகிற இடமெல்லாம் போவான். அவள் வேண்டாம் என்றால் மழையில் நிற்பான். மறுபடியும் வேண்டாம் என்றால் பட்டினி கிடப்பான். கடைசிக்கு முந்தின அத்தியாயத்தில் அவள் மனம் இளகும். வாசகிகள் தலையணையைக் கட்டிக்கொண்டு அழுவார்கள்.

"இவனப் பிடிச்சு போலீஸ்ல குடுக்க அந்த ஊர்ல ஒருத்தர்கூடவா இல்ல?" என்று கேட்பார், மின்விசிறி ரிப்பேர் செய்யும் அவர் கணவர்.

"உங்களுக்குக் காதல்னா என்னன்னு தெரியுமா?"

"தெரியாமத்தான் உன்னக் கட்டிக்கிட்டேனா?"

மகள் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலையில் இருந்தாள். அம்மாவின் புத்தகம் ஒன்றைக்கூடப் படித்ததில்லை. ஒருநாள் கடைக்கு ஒரு வாலிபன் வந்தான். பலகையின் அடிவரிப் பொடி எழுத்துவரை தடுமாறாமல் படித்துக் காட்டினான். மறுநாள் வந்தபோது மேல்வரிப் பெரிய எழுத்தே தெரியவில்லை என்றான். அதற்கடுத்த நாள், "உங்களத் தவிர எதுவுமே தெரியல" என்றான்.

"எனக்கு இதுல இஷ்டமில்ல. இனிமே வராதீங்க" என்றாள் அவள்.

அவன் சந்தோஷமாகச் சிரித்துவிட்டு, எதிர்க்கடை வாசலில் போய் நின்றுகொண்டான்.

வீட்டில் இதைச் சொன்னதும் கதைக்காரம்மாவுக்கு முகமெல்லாம் மலர்ந்தது. "என்ன கலர் சட்டை போட்டிருந்தான்?"

"அம்மா! பஸ்ல பின்னாடியே ஏறினான். பாதி வழியில இறங்கி ஓடி வந்திருக்கேன். கையப் பாரு."

கை சில்லிட்டிருந்தது. கதைக்காரம்மா அதைத் தன் இரண்டு கைக்குள்ளும் பொத்தி வைத்துக்கொண்டார். அன்றைக்கு ஒரு வரியும் எழுதவில்லை.

மறுநாள் கடைக்குப் போய் மகள் பக்கத்தில் உட்கார்ந்தார். வாலிபன் வந்தான். நாவலின் பின்னட்டைப் படத்தில் பார்த்த கதைக்காரம்மாவின் முகம் என்று தெரிந்ததும் கைகூப்பினான்.

"அம்மா, நீங்களா! உங்க நாவல் ஒண்ணுவிடாம படிச்சிருக்கேன். இப்ப இவங்க வேண்டாம்னு சொல்றது பாதிக் கதைதானே? முடிவுல சம்மதிச்சிடுவாங்க."

"யாருப்பா சொன்னது?"

"நீங்கதான். எல்லாப் புத்தகத்துலயும்."

கதைக்காரம்மாவுக்குச் சுருக்கென்றது. "அவளுக எங்கப்பா சம்மதிச்சாளுக? நான் சம்மதிக்க வச்சேன். நாவல முடிக்கணும்னு பதிப்பாளர் அவசரப்படுத்தினார். அந்தப் பொண்ணுகளுக்கு வேற வழி இல்ல. என் மகளுக்கு இருக்கு."

அவன் மகளைப் பார்த்தான்.

"உங்க கண்ணுல ஒரு கோளாறும் இல்ல. காதுலதான் இருக்கு. இன்னொரு தடவ என் பின்னாடி வந்தா நேரா போலீஸுக்குப் போவேன்" என்றாள் அவள். கடை முதலாளியும் எழுந்து கதவைத் திறந்து பிடித்தார். அவன் போனான். அதன்பிறகு வரவில்லை. ஏமாற்றிவிட்டீர்கள் என்று கதைக்காரம்மாவுக்கு மட்டும் நீளமாக ஒரு கடிதம் போட்டான்.

அடுத்த நாவலில் கதாநாயகி கடைசிவரை வேண்டாம் என்றாள். பதிப்பாளர் பதறிப்போய் போன் செய்தார்.

"அப்புறம் என்ன பண்றான்?"

"வீட்டுக்குப் போறான்."

"மழையிலயா?"

"குடை இருக்கு."

"சரி, அதுக்கப்புறம்?"

"அழறான், சாப்பிடறான், தூங்கறான். காலையில வேலை தேடப் போறான்."

பதிப்பாளர் யோசித்து, அட்டையில் 'நகைச்சுவை நாவல்' என்று போட்டுவிட்டார். வாசகிகள் கொதித்துப்போனார்கள். இவனெல்லாம் ஒரு கதாநாயகனா என்று கேட்டார்கள்.

மகள் மட்டும் மதியச் சாப்பாட்டு இடைவேளைகளில் அதைப் படித்து முடித்தாள். "பரவாயில்லம்மா. ஆனா அந்தப் பொண்ணு ரொம்பத்தான் மரியாதையாப் பேசுறா. நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்."

"ரெண்டாம் பதிப்புல திட்டவிடறேன்" என்றார் கதைக்காரம்மா.

இரண்டாம் பதிப்பு இன்னும் வரவில்லை.