பட்டை போட்ட சூரியன்

எங்கள் திருத்தணியில் பெயிண்டர் தீனதயாளனிடம் எதைக் கேட்டாலும் "ஆங்" என்பார். முடியாது என்ற சொல்லை அவர் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை. அரக்கோணம் ரோட்டில் பெயிண்ட் கடை வைத்துக்கொண்டு இருபத்திரண்டு வருடமாக அவரைத் தினமும் பார்க்கிறவன் நான், சத்தியமே செய்வேன். ஒரு தேர்தலின்போது ஒரே சுவரை ஒரே காலையில் இரண்டு கட்சிக்காரர்களும் கேட்டார்கள். இரண்டு பேருக்கும் ஆங். ஆறு மணிக்கு ஒரு சின்னம் எழுதி, எட்டு மணிக்கு அதை அழித்து இன்னொன்றை எழுதி, பத்து மணிக்கு இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொண்டு என் கடைக்குள் வந்து ஒளிந்துகொண்டார். பெண் பார்க்கப் போன இடத்தில் "புடிச்சிருக்குதா?" என்று கேட்டதற்கும் ஆங்தான். நல்ல வேளை, நிர்மலாவை அவருக்கு நிஜமாகவே பிடித்திருந்தது.

தீனதயாளனுக்கு எட்டாவதோடு படிப்பு முடிந்துவிட்டது. பிரஷ் பிடித்து முதலில் எழுதியது லாரி நெற்றியில் விபூதிப் பட்டையும் பொட்டும். பிறகு வேல், மயில், ஆறுமுகம் என்று ஏறிக்கொண்டே போனார். மலையைச் சுற்றி எந்தத் தெருவில் நுழைந்தாலும் அவர் எழுதிய முருகன் ஒருத்தர் எங்காவது நின்றுகொண்டிருப்பார். அதிலும் பட்டையும் பொட்டும் என்றால் அவருக்கு நூல் பிடித்து அளவு பார்க்கவே வேண்டாம், கை தானாகப் போய்விடும்.

அப்படிப்பட்ட மனிதரிடம் போய்த்தான் சினேகா ஜப்பான் படம் கேட்டாள்.

சினேகாவின் அப்பா துளசிங்கம் அம்மையார்குப்பத்தில் விசைத்தறி ஓட்டியவர். முழங்கால் போனபிறகு குடும்பத்தோடு இங்கே வந்து வாடகை வீட்டில் இருந்தார். பெண்ணுக்கு ஒரகடம் பக்கம் ஒரு ஜப்பான் கம்பெனியில் வேலை. விடியுமுன் கம்பெனி பஸ் ஏறினால் இருட்டித்தான் திரும்புவாள். அவள் சம்பளத்தில்தான் புது வீடு எழும்பியது. அதில் அடுப்படி எங்கே, பூஜை அறை எங்கே, வாசற்படி எந்தப் பக்கம் என்று எல்லாவற்றையும் மற்றவர்கள்தான் சொன்னார்கள். அவள் கேட்டது கூடத்தில் ஒரே ஒரு சுவர்.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கடைக்கு வந்து போனில் ஒரு படத்தைக் காட்டினாள். தீனதயாளனும் அங்கேதான் இருந்தார். வெளிறிய சந்தன நிறச் சுவர். ஒரு மூலையிலிருந்து இலையே இல்லாமல் ஒரு கிளை. அதில் நாலைந்து இளஞ்சிவப்புப் பூ, ஒரு குருவி. மேலே சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு சிவப்புச் சூரியன். அவ்வளவுதான், மீதியெல்லாம் காலி.

"மீதி எடத்துல என்னாம்மா போடறது?" என்றார் தீனதயாளன்.

"ஒண்ணும் போடக்கூடாதுண்ணா. பஸ்ல சத்தம், கம்பெனில சத்தம், வூட்டுல டீவி சத்தம். ஒரு சொவராவது சும்மா இருக்கட்டும்."

"ஆங்" என்றார்.

சொல்லிவிட்டாரே தவிர, சும்மா விடுவதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது. முதல் தடவை கிளை அரைச் சுவருக்குப் படர்ந்துவிட்டது. இரண்டாம் தடவை ஓரத்தில் ஒரு மயில் இறகு தானாக முளைத்திருந்தது. இரண்டையும் அழித்து, பட்டி பூசித் தேய்த்துச் சமமாக்கி மறுபடி போட்டார். நாலாவது ஞாயிறு படம் முடிந்தது. என் கடைக்கு ஓடிவந்து, "அண்ணா, ஒரு நிமிஷம் வாயேன்" என்று ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனார். பார்த்ததும் வேலை பாதியில் நிற்கிறது என்றுதான் நினைத்தேன். கொஞ்ச நேரம் தரையில் உட்கார்ந்தேன். என்ன சொல்வது, மனசு குளிர்ந்துவிட்டது. தீனதயாளன் தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரை அவ்வளவு சந்தோஷமாக அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

வைகாசி பிறந்ததுமே கம்பெனி சினேகாவை மூன்று வாரப் பயிற்சிக்கு ஜப்பானுக்கே அனுப்பியது. கிளம்புவதற்கு முன் தீனதயாளனைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"வூட்டு ஜனங்களப் பத்தி எனக்குத் தெரியும்ணா. நான் வர வரைக்கும் இந்தச் சொவர யாரும் தொடாம நீங்கதான் பாத்துக்கணும்."

"ஆங், கண்டிப்பாம்மா."

மூன்று வாரம் ஐந்து வாரமாக நீண்டது. வைகாசியின் கடைசி முகூர்த்தத்தை விட்டால் ஆனி ஆகாது, ஆடி ஆகாது, ஆவணி வரைக்கும் வாடகை கட்ட வேண்டும். அவள் இல்லாமலே கிரகப்பிரவேசம் என்று முடிவாயிற்று. கதவு ஜன்னலுக்குக் கடைசிக் கை பெயிண்ட் அடிக்கத் தீனதயாளன் அங்கேயே கிடந்தார். சுவருக்குக் காவல் இருப்பதாக என்னிடம் பெருமையாக வேறு சொல்லிக்கொண்டார். வேலிக்கு ஓணான் சாட்சி என்று நான் சிரித்தேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வரவில்லை.

முதலில் பள்ளிப்பட்டிலிருந்து துளசிங்கத்தின் அக்கா தாயாரம்மாள் வந்தாள். சுவரைப் பார்த்ததும் கையிலிருந்த பையைக்கூட இறக்கவில்லை.

"ஏம்பா, புது வூட்டுல பட்ட மரத்த எழுதி வச்சிக்கீறே?"

"பட்ட மரம் இல்லம்மா, பூத்துக்கீது பாருங்க."

"எலை இல்லாத மரத்துல பூவு எங்கேர்ந்து வந்துச்சு? நாளிக்கு நாலு பேரு வந்து நாலு விதமா பேசுவாங்க. ரெண்டு எலை போட்டுடு."

கல்யாண முருங்கை இலையை உதிர்த்துவிட்டுத்தான் பூக்கிறது. பள்ளிப்பட்டு முழுக்க அது நிற்கிறது. இதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. இரண்டு இலை போட்டார். இரண்டு போதவில்லை. சாயங்காலத்துக்குள் கிளை மாங்கொத்தாகிவிட்டது. மறுநாள் அதே தாயாரம்மாள், "கல்யாணம் ஆவாத பொண்ணு வாழப்போற வூட்டுல ஒத்தக் குருவி இன்னாத்துக்கு? ஜோடி சேத்துடு" என்றாள். ஜோடியும் சேர்ந்தது.

கிரகப்பிரவேசத்துக்கு முதல் நாள் தீனதயாளன் என் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். முகம் செத்துப்போயிருந்தது.

"சினேகாவோட அம்மா இன்னொண்ணு கேக்கறாங்கண்ணா."

சினேகாவின் அம்மா வரலட்சுமி அதுவரை சுவரைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்று காலை கூடத்தைக் கழுவிவிட்டு நிமிர்ந்தவள், அந்தச் சிவப்பு வட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். பிறகு கண் கலங்கி, "முருகன் நெத்திப் பொட்டு மாரியே கீது தம்பி. பட்டை மட்டும்தான் இல்ல. போட்டுடுங்க. எம் பொண்ணு வேத்து நாட்டுல தனியா கீறா, அவன் பாத்துக்கட்டும்" என்று சொல்லியிருக்கிறாள்.

"முடியாதுன்னு சொல்லுய்யா!" என்று நான் கத்தினேன். "அந்தப் பொண்ணுக்கு வாக்குக் குடுத்திருக்கே."

"அழுவுறாங்கண்ணா. நீ வந்து சொல்லேன்."

நான் என்ன செய்தேன்? கல்லாவைக் காட்டினேன். கடையை விட்டுவிட்டு எப்படி வருவது என்றேன். ஒரு அம்மாள் முருகனைக் கேட்கும்போது வேண்டாம் என்று சொல்ல எனக்கு மட்டும் நாக்கு எழுந்துவிடுமா? ஊருக்குத்தான் உபதேசம். தீனதயாளன் சினேகாவுக்கு நாலு தடவை போன் போட்டுப் பார்த்தார், எடுக்கவில்லை. பிரஷ்ஷைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அவ்வளவு அழகான பட்டையை அவர் வாழ்நாளில் போட்டதில்லை. அதுதான் வயிற்றெரிச்சல். சூரியனுக்கு இரண்டு பக்கமும் மூன்று மூன்று வெள்ளைக் கோடு, கீழே ஒரு வேல். மறுநாள் ஹோமம் முடித்த ஐயர் பூஜை அறைக்குக் காட்டிய கற்பூரத்தை அப்படியே திரும்பிச் சுவருக்கும் காட்டினார். கூட்டம் மொத்தமும் "அரோகரா" என்றது. சினேகா வீடியோ காலில்தான் இருந்தாள். அவளுக்குப் புகைதான் தெரிந்தது.

எட்டு நாள் கழித்து வந்தாள். அன்றே எனக்குப் போன் செய்து, அதே சந்தன நிறத்தில் ஒரு வாளி கொண்டுவரச் சொன்னாள். நான் போனபோது தீனதயாளன் ரோலரோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். துளசிங்கம் காலை நீட்டி உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வரலட்சுமி அடுப்படி வாசலில் நின்று, "உன் சம்பாத்தியம், உன் சொவரு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றாள். பட்டைக்குக் கீழே அகல் ஒன்று எரிந்துகொண்டிருந்தது.

சினேகா கத்தவில்லை. கத்தியிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"மொத்தமா அடிச்சுடுங்கண்ணா. மறுபடி முதல்லேர்ந்து போட்டுக்கலாம்."

தீனதயாளன் ரோலரைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார்.

"முடியாதும்மா" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"எலைய அழிக்கறேன், குருவிய அழிக்கறேன். இன்னொரு சொவரு குடு, காசு வாணாம், அதே மாரி போட்டுத் தரேன். கல்பூரம் காட்டின பட்டை மேல இந்தக் கையால வெள்ளை அடிக்க என்னால முடியாதும்மா. மன்னிச்சுக்கோ."

"வேற சொவரு ஏதுண்ணா? எல்லாத்துலயும் ஜன்னலு, அலமாரி." அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். "கேட்டவங்க எல்லாருக்கும் ஆங்னு சொன்னீங்க. என்கிட்ட மட்டும்தான் முடியாதுன்னு சொல்றீங்க."

தீனதயாளன் கண்ணிலிருந்து நீர் வழிந்தது, துடைத்துக்கொள்ளவும் இல்லை.

சினேகா அவர் கையிலிருந்து ரோலரை வாங்கினாள். வாளியில் தோய்த்து இலைகள் மேல் உருட்டினாள். மாங்கொத்து மறைந்தது. சேர்த்து வைத்த குருவி மறைந்தது. அகலை நகர்த்தி வைத்துவிட்டு, ஸ்டூலைப் போட்டு ஏறினாள். ரோலர் வேலுக்கு ஒரு சாண் தூரத்தில் போய் நின்றது. அடுப்படி வாசலில் வரலட்சுமி மூச்சுவிடும் சத்தம் எங்களுக்குக் கேட்டது. யாரும் தடுக்கவில்லை. அழிக்கட்டும் என்றுதான் நானும் வேண்டிக்கொண்டேன், அதையும் அந்த முருகனிடமேதான்.

எவ்வளவு நேரம் நின்றாள் என்று தெரியாது. ரோலரிலிருந்து பெயிண்ட் அவள் முழங்கை வரை ஒழுகியது. பிறகு ரோலரை இடது கைக்கு மாற்றினாள். வலது கையால், யோசிக்காமல், இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டாள்.

அப்புறம்தான் என்ன செய்தோம் என்று அவளுக்குத் தெரிந்தது. ஸ்டூல் மேலேயே உட்கார்ந்து விசித்து விசித்து அழுதாள். இறக்கிவிட வேண்டும் என்று எனக்கும் தீனதயாளனுக்கும் தோன்றியது. ஆனால் எங்கள் கைகளும் அப்போது கன்னத்தில்தான் இருந்தன.