கூரையை இறக்கச் சொன்ன அன்ரி

மிசிசாகாவில், வறிய நாடுகளின் சூரிய மின் திட்டங்களுக்குக் கடன் கொடுக்கும் நிறுவனமொன்றில் வேலை செய்கிறேன். ஊரிலிருந்து இங்கே மல்வேர்னில் மகள் வீட்டுக்கு வந்திருந்த ஒரு அன்ரி, ஒருநாள் பல பஸ் மாறி எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். யாழ்ப்பாணத் தீவொன்றில் மீன் விற்கும் பெண்களின் சங்கத் தலைவி. சேலைக்கு மேல் மருமகனின் பெரிய குளிர் ஜாக்கெட். யார் எதைச் சொன்னாலும் கொப்பியில் எழுதிவிட்டுத்தான் பதில் சொல்வார்.

சங்கத்தின் ஐஸ் மெசினைச் சூரிய மின்சாரத்தில் ஓட்ட அவர்கள் கடன் கேட்டிருந்தார்கள்.

"தம்பி, நீங்கள் கடன் கடிதம் தந்தால்தான் பனல் பூட்ட அனுமதி எண்டு அங்கை மின்சார சபைக் கந்தோரிலை சொல்லினம். அனுமதி வந்தால்தான் கடிதம் எண்டு நீங்கள் சொல்லுறியள். நான் ஆரிட்டை முதல் போறது?"

எங்கள் பக்கத்து விதியை எழுதியவன் நான்தான். அவர் கேட்டதைப் பக்கத்தில் இருந்த மேலாளருக்கு மொழிபெயர்த்தேன். அனுமதியில்லாமல் முடியாது, இப்போதே சொல்லிவிடு என்றார் அவர் ஆங்கிலத்தில்.

"பாப்பம் எண்டு சொல்லுறார், அன்ரி," என்றேன்.

அன்ரி அதையும் கொப்பியில் எழுதிக்கொண்டார்.

"சந்தோசம் தம்பி. அப்ப சங்கத்தின்ரை பழைய கூரையை இறக்கச் சொல்லுறன். அது பனல் பாரம் தாங்காது. உங்கட காசு வரேக்கை எல்லாம் ஆயத்தமா இருக்கவேணும்."

நான் தடுக்கவில்லை. லிஃப்ட் வரை கூடப்போய் வழியனுப்பினேன்.

மறுப்புக் கடிதம் அடுத்த வாரம் ஆங்கிலத்தில் போனது. கையெழுத்து என்னுடையது. அதற்குள் கூரையை இறக்கிவிட்டார்களா என்று எனக்குத் தெரியாது. மகளின் தொலைபேசி இலக்கம் என்னிடம் இருக்கிறது. கேட்கத்தான் முகமில்லை.